இரு கண்களும் ஒரு காட்சியும்

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் குடியிருப்பிலுள்ள பிள்ளைகள் ஐவரை முப்பரிமாணப் படம் ஒன்றிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. கொட்டகை வாயிலில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். படம் தொடங்கிச் சற்று நேரத்திற்கெல்லாம் திரையினின்றும் ஒரு பெரும் பறவை எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது. நான்கு பிள்ளைகள் கூச்சலிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் குனிந்தேன். ஐந்தாவது குழந்தை, ஏழு வயதுச் சிறுமி, அசையாமல் அமர்ந்திருந்தாள். "மாமா, எல்லாரும் ஏன் குனியறாங்க?" என்று என் காதோடு கேட்டாள். எவ்வளவு நெஞ்சுரமுள்ள பெண் என்று அவளை மனத்திற்குள் மெச்சிக்கொண்டேன்.

மெச்சியது பிழை என்பது இரண்டு வாரம் கழித்தே எனக்கு உறைத்தது. அப்பறவை அவளை நோக்கி வரவே இல்லை. மற்றவர்களுக்குத் திரையை விட்டு வெளியே வந்தது அவளுக்குத் திரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய இடக் கண் சிறிது மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். களைத்திருக்கும் வேளையில் அது நன்றாகத் தெரியும். "மாறுகண் அதிர்ஷ்டமாக்கும், குழந்தை பெரிய இடத்திற்குப் போவாள்" என்று அவளுடைய பாட்டியார் எல்லோரிடமும் சொல்லி வந்தார். நாங்களும் ஆமென்று தலையசைத்து வந்தோம். பிற பிள்ளைகள் 'ஒன்றரைக் கண்' என்று கேலி செய்தபோது அதட்டினோமேயன்றி, அவ்வரைக் கண் என்ன செய்கிறது என்று நம்மில் யாரும் கேட்டோமில்லை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அதையே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் வாசகர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திப் பிடியுங்கள். வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றி வலக் கண்ணால் பாருங்கள். விரல், பின்னாலுள்ள சுவரின்மேல் இடமும் வலமுமாகத் தாவும். விரலை முகத்திற்கு அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். தூரத்திலுள்ள விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் தாவல் தெரிவதே இல்லை. நம் கண்மணிகள் இரண்டிற்கும் இடையே ஆறு அல்லது ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியின் காரணமாக ஒரே பொருளை இரு கண்களும் சற்றே மாறுபட்ட இரண்டு பக்கங்களிலிருந்து பார்க்கின்றன. ஆகவே விழித்திரைகளில் விழும் படங்கள் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை அளந்துதான் மூளை அண்மையையும் சேய்மையையும் கணக்கிடுகிறது. விரலின் தாவல் என்று நாம் கண்டது அவ்வேறுபாட்டையே.

இதனால் பயன் என்ன என்று கேட்பவர்கள் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். எழுதுகோலை ஒரு கையிலும் அதன் மூடியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, கைகளை நீட்டி, ஒரு கண்ணை மூடியபடி பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மூடியைப் பொருத்துங்கள். முதல் முறையிலேயே பொருத்துபவர் சிலரே. இரு கண்களையும் திறந்துகொண்டால் குழந்தையும் பொருத்திவிடும். ஊசியில் நூல் கோப்பதும், நெருக்கமாகப் பூத் தொடுப்பதும், குறுகிய வாயுள்ள புட்டியில் எண்ணெய் ஊற்றுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இரு படங்கள் வேறுபடுகின்றன என்பது புதிய செய்தி அன்று. பழங்காலக் கிரேக்க நூலாரும் அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வேறுபாட்டை ஒரு குறையாகவே பலரும் எண்ணி வந்தார்கள். இரண்டு படம் இருந்தும் நமக்கு ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்பதே அவர்களுடைய கவலை. வேறுபாடுதான் செல்வம் என்று சோதனை செய்து காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் என்பவர். இசைக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாரத் தந்தியை உருவாக்கியவர்களுள் ஒருவர். மேடையேறிப் பேசக் கூச்சப்படுபவர். 1838-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த கட்டுரையில் ஒரு கருவியை விவரித்தார். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணமாக நிறுத்தி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே ஒரு கோட்டுச் சித்திரம் தெரியும்படி செய்தார். இடக் கண்ணுக்கு ஒரு கனசதுரம் எப்படித் தோன்றுமோ அப்படி ஒரு படம். வலக் கண்ணுக்கு அதுவே சற்றுத் திரும்பினாற்போல் மற்றொரு படம். பார்த்தவர்கள் திகைத்தார்கள். இரண்டு தட்டையான சித்திரங்களுக்குப் பதிலாக, கையால் பிடித்துவிடலாம் போன்ற ஒரு திண்ணிய கனசதுரம் எதிரே நின்றது! திண்மை என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஸ்டீரியாஸ்கோப்' என்று பெயரிட்டார். உலகம் புகைப்படக் கலையைக் கேள்விப்பட்டது அதற்கடுத்த ஆண்டில்தான் என்பதால், அவர் வெறுங் கோடுகளைக் கொண்டே இதைச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு விதத்தில் அது நல்லதாயிற்று. நிழலோ வண்ணமோ இல்லாத கோடுகளுக்குத் திண்மை எங்கிருந்து வந்தது? இரு படங்களின் வேறுபாட்டைத் தவிர வேறெதுவும் அங்கே இல்லை அல்லவா?

பின்னர் டேவிட் புரூஸ்டர் என்பவர் வில்லைகள் பொருத்திக் கைக்கடக்கமாக அமைத்த கருவி 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங் கண்காட்சியில் விக்டோரியா அரசியின் மனத்தைக் கவரவே, வீட்டுக்கு வீடு ஸ்டீரியாஸ்கோப் வந்துவிட்டது. கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்பதைப் பற்றி இருவரும் சண்டையிட்டுக்கொண்டதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் ஒரு காலத்தில் கண்ணில் வைத்துப் பார்த்த 'வியூ மாஸ்டர்' இக்கருவியின் பேரப்பிள்ளைதான். அதன் வட்டத்தில் பதினான்கு சிறு படங்கள் இருந்தாலும் காட்சிகள் ஏழே; காட்சிக்கு இரண்டு படம். 1984-இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதற்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தவர்களும் நம்மிடையே இருப்பார்கள். திரையில் இரு படங்கள் ஒருங்கே விழுகின்றன. இடக் கண்ணுக்குரியது இடக் கண்ணுக்கும், வலக் கண்ணுக்குரியது வலக் கண்ணுக்கும் மட்டும் சென்று சேருமாறு அக்கறுப்புக் கண்ணாடி பிரித்துவிடுகிறது. மீதியை நம் மூளை செய்கிறது.

அந்த மூளை எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்று சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு வட்டத்தை 360 பாகையாகவும், பாகையை 60 கலையாகவும், கலையை 60 விகலையாகவும் பகுப்பது வழக்கம். நல்ல பார்வையுடைய ஒருவர் 20 விகலை அளவு வேறுபாட்டையும் உணர்ந்துவிடுகிறார். இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தைச் சுமார் 260 மீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால், அது கண்ணில் அடைக்கும் கோணம்தான் 20 விகலை. இதைக் கொண்டு கணக்கிட்டால், அரை மீட்டர் தொலைவில் ஊசியும் நூலும் பிடித்திருப்பவர் ஒன்றைவிட மற்றொன்று அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்பின் இருப்பதைக் கண்டுகொள்வார். பத்து மீட்டர் தொலைவில் அவருக்குத் தெரியும் முன்பின் பதினைந்து சென்டிமீட்டர். நூறு மீட்டர் தொலைவிலோ பதினைந்து மீட்டர் வேறுபட்டால்தான் புலப்படும். தொலைவு பத்து மடங்காக, நுட்பம் நூறு மடங்கு மங்குகிறது என்பதைக் கவனிக்க. ஆகவே இரு கண் பார்வை என்பது கைக்கெட்டும் உலகிற்காகவும், அதைச் சற்றே கடந்த உலகிற்காகவும் ஏற்பட்ட அருங்கொடை எனலாம். சந்திரனுக்கும் நட்சத்திரத்திற்கும் அது உதவுவதில்லை. அவை யாவும் ஒரே கூரையில் பதித்தவைபோல் தோன்றுவது அதனால்தான்.

இரு படங்களும் எங்கே சந்திக்கின்றன? கண்களில் அன்று. இரு விழிகளிலிருந்தும் புறப்படும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் கூடுகின்றன. அங்கே மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் தாண்டிச் செல்கின்றன. காதுப் பக்கத்து இழைகள் தம் பக்கத்திலேயே செல்கின்றன. இதன் விளைவாக நமக்கு வலப்புறமுள்ள காட்சி இரு கண்களிலிருந்தும் மூளையின் இடப் பாதிக்கும், இடப்புறக் காட்சி வலப் பாதிக்கும் போய்ச் சேருகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1704-இல் வெளியிட்ட தம் ஒளி நூலில் நியூட்டன் ஊகித்து எழுதியிருக்கிறார். ஆப்பிள் பழக் கதையை விட இது எனக்கு வியப்பாக இருக்கிறது. தலையின் பின்பகுதியில், பிடரிக்குச் சற்று மேலே, பார்வைக்கென்று அமைந்த மூளைப் பகுதியில்தான் இரு கண்களின் செய்தியும் ஒரே நரம்பணுவை வந்தடைகிறது. ஹொரேஸ் பார்லோ, காலின் பிளேக்மோர், ஜாக் பெட்டிக்ரூ என்ற மூவர் 1967-ஆம் ஆண்டு பூனையின் மூளையில் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அங்குள்ள நரம்பணுக்களில் சில, இரு படங்களுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட அளவு வேறுபாடு இருந்தால் மட்டும் துடிக்கின்றன. வேறோர் அளவாயின் வாளாவிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொலைவுக்குக் காவல் நிற்கிறது என்று சொல்லலாம்.

இங்கே ஓர் ஐயம் எழும். மூளை முதலில் ஒவ்வொரு கண்ணின் படத்திலும் இது நாற்காலி, இது மரம் என்று இனங்கண்டு, பிறகு இரண்டு நாற்காலியையும் பொருத்திப் பார்க்கிறதா? அப்படித்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹங்கேரி நாட்டிலிருந்து 1956-இல் வெளியேறி அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த பேலா யூலெஸ் என்ற பொறியியலார் 1960-ஆம் ஆண்டில் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். கணிப்பொறியைக் கொண்டு கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளைத் தாறுமாறாக இறைத்து ஒரு படம் செய்தார். அதைப் போலவே இன்னொன்று. ஆனால் இரண்டாவதில், நடுவிலுள்ள ஒரு சதுரத்தின் புள்ளிகளை மட்டும் இம்மியளவு பக்கவாட்டில் நகர்த்தி வைத்தார். எந்தப் படத்தைத் தனியே பார்த்தாலும் கேழ்வரகைக் கொட்டினாற்போல் இருக்குமேயன்றிச் சதுரம் எதுவும் தெரியாது. ஸ்டீரியாஸ்கோப்பில் வைத்து இரண்டையும் ஒருங்கே பார்த்ததும் சதுரம் தனியே எழும்பி மிதந்தது. இனங்காண எதுவுமே இல்லாத இடத்திலும் மூளை பொருத்திவிடுகிறது. பொருத்திய பின்னரே உருவம் பிறக்கிறது.

இதன் பயனை வீதியிலேயே காணலாம். அடர்ந்த வேப்ப மரத்தின் கீழ் நின்று, தலையை அசைக்காமல் ஒரு கண்ணால் மேலே பாருங்கள். இலையும் கிளையும் ஒரே பச்சை வலையாகத் தோன்றும். மறு கண்ணையும் திறந்தவுடன் வலை அவிழ்ந்து, கிளைக்குப் பின் கிளையாக விலகி நிற்கும். புதரில் ஒளிந்திருக்கும் விலங்கைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த துணை இல்லை. இரை தேடும் ஆந்தைக்கும் பூனைக்கும் கண்கள் முன்னோக்கி அமைந்திருப்பதும், இரையாகும் முயலுக்குப் பக்கங்களில் அமைந்திருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. கும்பிடுபூச்சிக்கும் இவ்வாற்றல் உண்டு! 2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் அப்பூச்சிக்குத் தேன்மெழுகால் சின்னஞ்சிறு வண்ணக் கண்ணாடி ஒட்டி, முப்பரிமாணப் படம் காட்டினார்கள். பூச்சி, திரைக்கு முன்னே மிதப்பதாகத் தோன்றிய பொய்யிரையைப் பிடிக்கக் கையை வீசியது. எங்கள் வீட்டருகே இருக்கும் சிறுமிக்குக் கிட்டாதது ஒரு பூச்சிக்குக் கிட்டியிருக்கிறது என்பதைப் படித்தபோது மனம் சிறிது கனக்கத்தான் செய்தது.

ஒரு கண்ணே உடையவருக்கு உலகம் சுவரில் மாட்டிய படமாகிவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டா. அண்மை சேய்மைகளை அறிய ஒற்றைக் கண்ணுக்கும் வழிகள் பல உள. ஒன்றை மறைப்பது முன்னே இருக்கிறது. தெரிந்த பொருள் சிறுத்துத் தோன்றினால் தொலைவில் இருக்கிறது. தண்டவாளங்கள் குவிந்து செல்கின்றன. தூரத்து மலை நீலம் பூத்து மங்குகிறது. ஊருக்குப் போகும்போது ரயில் சன்னலோரம் அமர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும்: அருகிலுள்ள கம்பங்கள் பின்னோக்கி ஓடுகின்றன, வயல்கள் மெல்ல நகர்கின்றன, தொலைமலை நம்மோடு கூடவே வருகிறது. இந்த ஓட்டத்தின் வேறுபாடே சிறந்த அளவுகோல்.

பட்டோடி நவாப் மன்சூர் அலி கானை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த மோட்டார் விபத்தில் கண்ணாடிச் சில்லுப் பட்டு, அவருடைய வலக் கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. குடுவையிலிருந்து தம்ளரில் நீரை ஊற்ற முயன்று மேசைமேல் ஊற்றியதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். மார்ச் மாதத்தில், 21 வயதில், இந்திய அணித் தலைவரானார். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். இருபது ஆண்டுகள் இரு கண்ணால் பழகிய மூளை அவருடையது. விடாப்பயிற்சியால் அவர் ஈடுகட்டியதை, ஈடுகட்டத் தேவையே இல்லாத குழந்தைக்கு முன்மாதிரியாகக் காட்டி வாளாவிருத்தல் தகாது.

இனி நம் சிறுமியிடம் வருவோம். நான் அவள் தாயாரிடம் திரைப்பட நிகழ்ச்சியைச் சொன்னேன். அவர் வியந்தார். "பள்ளியில் கண் பார்த்தார்களே, எல்லா எழுத்தும் படித்தாள் என்றார்களே?" என்றார். விசாரித்ததில், அங்கே இரு கண்களையும் திறந்து வைத்தே படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலக் கண் படித்தது. இடக் கண்ணைக் கேட்பவர் இல்லை. கண் மருத்துவர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தபோது, இடக் கண் மேல் வரிகள் இரண்டிற்குமேல் படிக்கவில்லை. ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் பெரிதும் வேறுபட்டிருந்தது. கண்ணாடி எழுதிக் கொடுத்து, நல்ல கண்ணான வலக் கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுத் துணியால் மூடி வைக்கச் சொன்னார். அன்று மாலை பாட்டியார் என்னிடம் வந்து கேட்ட கேள்வி நியாயமானது. "நல்ல கண்ணைக் கட்டி வைத்துவிட்டுக் கெட்ட கண்ணால் பார் என்கிறாரே, தம்பி, இது என்ன வைத்தியம்?"

அதற்கு விடை பூனைக்குட்டிகளிடம் இருக்கிறது. டேவிட் ஹ்யூபெல், டோர்ஸ்டன் வீஸல் என்ற இருவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1960-களில் செய்த ஆராய்ச்சி அது. 1981-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பிறந்த குட்டியின் ஓர் இமையைச் சில மாதங்கள் தைத்து மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஆயினும் அக்கண்ணின் செய்திக்கு மூளையில் செவிசாய்க்கும் நரம்பணுக்கள் மிக அருகிவிட்டிருந்தன. பயன்படுத்தப்பட்ட கண் அவ்விடத்தையும் தனதாக்கிக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு அதே காலம் மூடி வைத்தால் இவ்விளைவு ஏற்படவில்லை. பின்பு 1965-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நமக்கு நெருக்கமானது. குட்டிகளின் ஒரு கண் தசையை அறுத்து, மாறுகண் உண்டாக்கினார்கள். இரு கண்களும் தனித்தனியே பார்த்தன. ஆனால் இரண்டிற்கும் பொதுவாக வேலை செய்ய வேண்டிய நரம்பணுக்கள் பெரிதும் குறைந்துவிட்டன. இரு கண்களும் ஒரே இடத்தை நோக்காததால் அவற்றின் செய்திகள் ஒத்து வரவில்லை. ஒத்து வராதவர்களின் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. இரக்கமற்ற சோதனைகள்தாம் என்பதை மறுப்பதற்கில்லை. எத்தனையோ குழந்தைகளின் கண் அவற்றால் காப்பாற்றப்பட்டது என்பதும் உண்மை.

மனிதக் குழந்தைக்குப் பிறந்த மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் இரு கண் ஆழப் பார்வை தோன்றிவிடுகிறது. அதற்குப் பின் பல ஆண்டுகள் அது உறுதிப்பட வேண்டும். அக்காலத்தில் ஒரு கண் சாய்ந்திருந்தாலோ, பவர் வேறுபாட்டால் மங்கலாகப் பார்த்தாலோ, குழப்பத்தைத் தவிர்க்க மூளை அதன் செய்தியைத் தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது. கண் கெட்டுப் போகவில்லை, கேட்பாரற்றுப் போகிறது. இதனையே மருத்துவர்கள் 'சோம்பல் கண்' என்று வழங்குகிறார்கள். பல நாடுகளில் நூறு குழந்தைகளுள் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகள் வரை இக்குறை உண்டு. நல்ல கண்ணைச் சிறிது நேரம் மூடுவதன் நோக்கம், மூளையைக் கட்டாயப்படுத்தி மற்றதன் பேச்சைக் கேட்கச் செய்வதே. முன்பெல்லாம் நாள் முழுதும் கட்டி வைப்பார்கள். குறை நடுத்தரமாக இருந்தால் இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரத்திற்கு ஈடான பலன் தருகிறது என்று 2003-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டிற்று. ஏழு வயதுக்குள் செய்வதே மேல். அதற்குமேல் பயனே இல்லை என்பது பழைய கொள்கை. பெரிய பிள்ளைகள் சிலருக்கும் பார்வை கூடுகிறது என்று 2005-இல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது.

வயது கடந்தவருக்கும் கதவு முற்றிலும் அடைபட்டதன்று என்பதற்கு சூசன் பாரி என்ற அமெரிக்கப் பெண்மணி சான்று. கைக்குழந்தையாய் இருந்தபோதே மாறுகண். ஏழு வயதுக்குள் மூன்று அறுவைகள். கண் நேராகத் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. தமக்கு அது இல்லை என்பதையே கல்லூரியில் பூனைக்குட்டிப் பாடத்தைக் கேட்டபோதுதான் அறிந்தார். பின்னாளில் அவரே நரம்பியல் பேராசிரியையாகி அப்பாடத்தை மாணவர்களுக்கும் போதித்தார். 48-ஆம் வயதில் கண் பயிற்சி மேற்கொண்டார். ஒரு நாள் மோட்டாரில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுச் சக்கரம் முன்னே தனியாக மிதந்து நின்றது! பனி பெய்தபோது, முன்பு எதிரே ஒரு தட்டையான திரையாகத் தெரிந்தது, இப்போது தாமே அதன் நடுவில் நிற்பதாக ஆயிற்று. ஆலிவர் சாக்ஸ் என்ற மருத்துவ எழுத்தாளர் 2006-இல் இதைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். ஸ்டீரியாஸ்கோப் படங்களில் அளவிறந்த ஆசை கொண்ட அவருக்கே கண்ணில் புற்று வந்து வலக் கண் பார்வை அவிந்து, உலகம் தட்டையாயிற்று என்பது வேதனையான செய்தி. ஒருவர் பெற்றதை எழுதியவர், தாம் இழந்ததையும் பின்னர் எழுத வேண்டி வந்தது. எனினும் பாரி அம்மையாருக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கும் என்று மருத்துவர்கள் உறுதி கூறுவதில்லை. நாற்பத்தெட்டு வயது வரை காத்திருக்க வேண்டிய தேவைதான் என்ன?

வீட்டில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கைக்குழந்தையின் கண்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் அங்குமிங்கும் அலையலாம். நான்கு மாதத்திற்குப் பின்னும் சாய்ந்திருந்தால் காட்ட வேண்டும். விளையாட்டாக ஒரு கண்ணை மூடும்போது பேசாமலிருக்கும் குழந்தை, மறு கண்ணை மூடினால் மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், அது தன் ஒரே நல்ல கண்ணைக் காத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கண் பார்க்க அழைத்துச் சென்றால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பதில் பிள்ளைகள் வல்லவர்கள் என்பதையும் மறவாதீர்கள்.

நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் தனித்த சங்கடம் ஒன்றுண்டு. மாற்றல் உத்தரவு வருகிறது. பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போகிறோம். பள்ளிச் சான்றிதழை மறப்பதில்லை, எரிவாயு இணைப்புச் சீட்டை மறப்பதில்லை. குழந்தையின் கண் சீட்டு எங்கேயோ பழைய இதழ்களோடு போய்விடுகிறது. புதிய ஊரில் வீடு பிடித்து, மொழி பழகி, மருத்துவரைத் தேடுவதற்குள் ஓராண்டு கழிகிறது. பெரியவருக்கு ஓராண்டு பெரிதன்று. ஏழு வயதுக் கண்ணுக்கு அது பெரிது.

சிறுமிக்கு ஒட்டுப் போட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதலில் பெரும் போராட்டம். வலக் கண்ணை மூடியதும் உலகமே மங்குகிறது அல்லவா, அழத்தானே செய்வாள்? பாட்டியார்தாம் வழி கண்டார். ஒட்டுப் போடும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்த்திப் பல்லாங்குழி ஆடுவார். சோழிகளை அவளே எண்ணிப் போட வேண்டும். அதிர்ஷ்டத்தைப் பற்றி இப்போது பேச்சில்லை. சென்ற திங்கள் அவர்களோடு நானும் மருத்துவரிடம் போயிருந்தேன். இடக் கண் முன்னைவிட மூன்று வரி கூடப் படித்தது. பிறகு மருத்துவர் ஒரு தனிக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பெரிய ஈயின் படம் உள்ள அட்டையை எடுத்து, அதன் இறக்கையைப் பிடிக்கச் சொன்னார். இரு கண்ணும் சேர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த ஈ தாளுக்கு மேலே எழும்பி நிற்கும்; விரல்கள் வெறுங் காற்றைக் கிள்ளும். முதல் முறை இங்கே வந்தபோது அவள் தாளைத் தொட்டுத் தடவினாளாம். இம்முறை விரலைக் கொண்டுபோனவள், தாளைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலேயே தயங்கி நிறுத்தினாள். அதே அட்டையிலுள்ள சிறு வட்டங்கள் இன்னும் அவளுக்கு எழும்பவில்லை. அவை எழும்புமா என்று மருத்துவர் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

பாட்டியாரும் அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தார். "சீ! நிஜ ஈ போலவே இருக்கிறதே" என்று கையை உதறிக்கொண்டார். சிறுமியின் தந்தையாருக்கு அடுத்த மாதம் நாகபுரிக்கு மாற்றல். கண் சீட்டும் ஒட்டுத் துணிப் பெட்டியும் பாட்டியாரின் கைப்பையில், வெற்றிலைச் செல்லத்தோடு போகின்றன.